சகலையின் மடியும் குமுளி இறக்கமும்

வண்டி ஓட்டுபவரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாகும் விதத்தில் எவரையும் உட்காரவோ நிற்கவோ விடக்கூடாது, எந்தப் பொருளையும் வைக்கவும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் அந்தக் காலத்திலேயே இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. மலைச்சாலையில் இறங்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, கியரை விலக்கி வண்டியை உருட்டக்கூடாது என்பதும் விதிதான். பிரிவு எண்கள் எனக்கு இன்றும் மனப்பாடம். ஆனால் சொல்ல மாட்டேன். மாமனார் வீட்டில் ஒரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு நான் இல்லாத இடத்தில் அந்த எண்ணையே எனக்குப் பெயராக வைத்துப் பேசினார்கள்.

மாமனார் அந்தக் காரைக் கோயமுத்தூரில் வாங்கினார். பழைய அம்பாசிடர். கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் நெல்லும் கடலையும் விளைவிக்கிற குடும்பத்துக்குக் கார் எதற்கு என்று ஊரில் எவரும் கேட்கவில்லை. கேட்டால் பொறாமை என்று சொல்லிவிடுவார்கள். அவருக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. மருமகன்கள் இரண்டு பேர் இருந்தோம், இரண்டு பேருக்கும் ஓட்டத் தெரியும். காருக்குச் சாவி ஒன்று. என் பொறாமையை விளக்க இதற்கு மேல் பின்னணி தேவையில்லை. ஆனால் நான் கோப்பு எழுதிப் பழகியவன், பின்னணி முழுவதையும் தராமல் விட மாட்டேன்.

நான் மூத்த மருமகன். பாலக்காட்டில் அரசாங்க உத்தியோகம். மோட்டார் வாகனக் கோப்புகள் வரும் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன். டிரைவிங் ஸ்கூலில் முறையாகச் சேர்ந்து, கைச் சைகைகள் எல்லாம் கற்று, எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியவன். சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தார். அவர் ஓட்டக் கற்றது லோடு லாரியில், அதன் டிரைவர் சாப்பிடப் போகும் நேரங்களில். அவருக்கும் லைசென்ஸ் இருந்தது. அதை எப்படி வாங்கினார் என்று நான் விசாரித்துப் பார்த்தேன். முறையாகத்தான் வாங்கியிருந்தார். எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

சாவி அவரிடம் போனதற்கும் ஓட்டும் திறமைக்கும் சம்பந்தமில்லை. அவர் என் மாமியாரின் கூடப்பிறந்த அண்ணன் மகன். நடக்கக் கற்றதே அந்த வீட்டு வாசலில்தான். நான் அசல், ஜாதகம் பார்த்து, ஆள் விட்டு விசாரித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த மாப்பிள்ளை. அசல் மாப்பிள்ளைக்கு மரியாதை உண்டு. நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். காப்பி இரண்டு தடவை வரும். சொந்தக்கார மாப்பிள்ளைக்கு நாற்காலி கிடையாது, காப்பியை அவரே அடுப்படியில் போய் ஊற்றிக்கொள்வார். ஆனால் அந்த வீட்டில் எந்தச் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று அவருக்குத் தெரியும். துடைத்த நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்ன சுகம் என்று உட்கார்ந்தவனைக் கேட்க வேண்டும்.

மாமியார் என்னோடு நேராகப் பேசியதில்லை. பேச வேண்டியதை என் மனைவியிடம் சொல்வார். மனைவி அருகில் இல்லாவிட்டால் கதவைப் பார்த்துச் சொல்வார். "மாப்பிள்ளைக்குச் சோறு போடலாமான்னு கேளு" என்று கதவிடம் சொல்லப்படும். நான் கதவைப் பார்த்து "போடலாமுங்க" என்பேன். மரியாதை முறை அது, குறை சொல்ல முடியாது. அதே மாமியார் சகலையை "அடேய், கால் கழுவாம உள்ள வராதடா" என்று திட்டுவார். அந்தத் திட்டு ஒன்றாவது எனக்குக் கிடைக்காதா என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. என் மகள்.

அப்போது அவளுக்கு ஆறு வயது. சகலைக்குக் கல்யாணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. கஞ்சிக்கோட்டிலிருந்து அவர் வந்து இறங்கும் சத்தம் கேட்டால் என் மகள் என் மடியிலிருந்து குதித்து ஓடுவாள். ஓடும்போது என் தொடையை மிதித்துக்கொண்டுதான் ஓடுவாள். காரில் ஏறினால் அவளுக்கு ஒரே இடம்: ஸ்டியரிங்குக்கும் சித்தப்பாவின் வயிற்றுக்கும் நடுவே, அவர் மடியில். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வாள். ஹாரன் அடிப்பது அவள் பொறுப்பு. ஊர் எல்லை தாண்டும்போது ஆட்கள் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். நான் பின்சீட்டில் ஜன்னல் ஓரம், துடைத்த நாற்காலியின் மரியாதையோடு.

"முன்னாடி அவ உக்காரக் கூடாது" என்று நான் சொன்னபோதெல்லாம் அது சட்டப்படி சரி. அதைச் சொன்னது பொறாமைக்காரன் என்பதும் சரி. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததால் ஒன்று பொய்யாகிவிடாது. இதை நான் அன்றும் நம்பினேன், ஓய்வூதியம் வாங்கும் இந்த வயதிலும் நம்புகிறேன்.

எழுபத்து நாலில் கோடை விடுமுறைக்கு எல்லோரும் பீர்மேட்டுப் பக்கம் போனோம். என் மனைவியின் அண்ணன் அங்கே ஏலத்தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பொள்ளாச்சி, தேனி வழியாகச் சுற்றி, குமுளி மலை ஏறிப் போய்ச் சேர்ந்தோம். முன்சீட்டில் சகலை, அவர் மடியில் என் மகள், ஜன்னல் ஓரம் மாமனார். பின்னால் மாமியார், என் மனைவி, அவள் தங்கை, நான். ஏறும்போது பயமில்லை. ஏறுகிற வண்டிக்கு வேகம் ஏது? நான் பயந்ததெல்லாம் திரும்பி இறங்குவதை நினைத்துத்தான்.

பெட்ரோல் விலை ஏறியிருந்த சமயம். மலைப்பக்கத்து டிரைவர்கள் எல்லோருமே இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் வண்டியை உருட்டினார்கள். புறப்படும் நாள் காலையில் மச்சினர் வீட்டுக்குப் பக்கத்து எஸ்டேட் லாரி டிரைவர் வழியனுப்ப வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர், நல்ல மனிதர். காரைச் சுற்றி வந்து, பானெட்டை ஒரு தட்டுத் தட்டி, சகலைக்கு யோசனை சொன்னார்.

"என்னத்துக்குப் பெட்ரோல வீணாக்குதீக? இறக்கம் வந்ததும் சாவிய அணைச்சுப்போட்டு உருட்டி விட்டுர வேண்டியதுதான? தன்னால போயிரும்லா."

"அப்போ பிரேக்?" என்று நான் கேட்டேன்.

"பிரேக் எதுக்கு ஸார் வச்சிருக்கான்? பிடிக்கத்தான?"

"விடாமப் பிடிச்சா சூடேறி, அப்புறம் பிடிக்காதே. கியர்ல இருந்தா எஞ்சினே வண்டிய இழுத்துப் பிடிக்கும்."

"நான் வருசக்கணக்கா இப்படித்தான் ஸார் இறங்குதேன். கர்த்தர் இருக்காரு."

"எஞ்சின அணைக்கச் சொன்னது கர்த்தரா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சகலையும் சிரித்தார். என் மகளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல், சித்தப்பா சிரித்ததால். மாமனார் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்து, "மாப்ள, நெம்பப் படிச்சா பயம் சாஸ்தியாயிருமாட்ட இருக்குது" என்றார்.

பீர்மேட்டிலிருந்து வண்டிப்பெரியாறு வரும் வழியிலேயே சகலை பரீட்சை பார்த்துவிட்டார். சாவியைத் திருப்பினார், எஞ்சின் ஓய்ந்தது. இரண்டு பக்கமும் தேயிலை. திடீரென்று வந்த அந்த அமைதியில் காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் மட்டும் கேட்டன. பின்சீட்டுப் பெண்கள் "ஆகா, என்ன சொகமா இருக்குது" என்றார்கள். சுகமாகத்தான் இருந்தது. ஆபத்து வரும்போது சத்தம் போட்டுக்கொண்டா வரும்?

வேகம் கூடியது. சகலை பிரேக்கை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். கருகிய வாசனை மெல்ல எழுந்தது. ஒரு வளைவில் எதிரே தேயிலைப் பெட்டிகள் ஏற்றிய லாரி. சகலை ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். ஸ்டியரிங் பாதி திரும்பி நின்றது. என் மகளின் முழங்கை ஸ்டியரிங் கம்பிக்கும் அவர் கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அவளோ, தானே ஓட்டுவதாக நினைத்து, வலப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் வலக்கையை விட்டு, அவளை அப்படியே தூக்கி மாமனார் மேல் தள்ளி, இடக்கையால் வண்டியைத் திருப்பினார். லாரி எங்கள் வலப்பக்கத்தை உரசாமல் போனது. நாங்கள் ஓரத்து ஓடையில் ஒரு சக்கரம் இறங்கி, தேயிலைச் செடிகளைக் கொஞ்ச தூரம் தேய்த்துக்கொண்டு போய் நின்றோம். மேட்டுப் பக்கமாக இருந்ததால் நின்றோம். மறுபக்கமாக இருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

"பாத்தயா, எம் பேத்தி எப்படித் திருப்புனா!" என்றார் மாமியார்.

எல்லோரும் சிரித்தார்கள். பயந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். அது எனக்குத் தெரியும். சகலை மட்டும் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தார். ஈரம் எதுவும் இல்லாத ஸ்டியரிங்கை வெகுநேரம் துடைத்தார். பிறகு என் மகள் மாமனார் மேலிருந்து நழுவி, மறுபடி அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஓடையில் இறங்கிய சக்கரத்தைத் தள்ளி ஏற்றிக்கொண்டு கிளம்பி, குமுளியில் செக்போஸ்டுக்கு முன்னால் காப்பி குடிக்க நிறுத்தினோம். அதைத் தாண்டினால் மலையிறக்கம். அடிவாரத்து லோயர் கேம்ப் வரை கொண்டை ஊசி வளைவுகள். நான் முன்கதவைத் திறந்து என் மகளைத் தூக்கி இறக்கினேன். என் பையை எடுத்தேன்.

"நானும் குழந்தையும் பஸ்ஸில் வர்றோம்" என்றேன்.

இந்த இடத்தில், தெரியாதவர்களுக்காக, மாப்பிள்ளை கோபித்துக்கொள்வதன் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அரசாங்க நடைமுறைகள் எத்தனையோ பார்த்தவன் நான். இவ்வளவு ஒழுங்கானது வேறொன்று இல்லை. கோபித்துக்கொள்ளும் மாப்பிள்ளை முதலில் நீட்டிய காப்பியைத் தொடக்கூடாது. தொட்டால் மனு தள்ளுபடி. அடுத்து விலகிப் போய் நிற்க வேண்டும். ரொம்ப தூரம் போனால் தேட மாட்டார்கள், பக்கத்தில் நின்றால் நம்ப மாட்டார்கள். எல்லோர் கண்ணிலும் படும் தூரத்தில், முகத்தைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்பது உத்தமம். முதலில் மனைவி வருவாள். அவளிடம் இறங்கி வரக்கூடாது. அடுத்து மைத்துனரோ சகலையோ. அங்கேயும் கூடாது. கடைசியில் மாமனார் வருவார். அவர் வாயிலிருந்து "மாப்ள சொல்றபடியே ஆவட்டும்" என்ற வாக்கியம் வந்தால்தான் கோபம் முறைப்படி முடிவுக்கு வரும். கல்யாணமான நாளிலிருந்து அந்த உரிமையை நான் ஒரு தடவைகூடப் பயன்படுத்தவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எடுக்காத லீவு மாதிரி அப்படியே சேர்ந்து கிடந்தது.

மனைவி வந்தாள்.

"ஏனுங்க, நடுரோட்டுல நின்னு இது என்ன கூத்துங்க? அம்மா மொகம் செத்துப் போச்சு."

"உன் பொண்ணு முழங்கையப் பாரு."

சிவந்து கன்றியிருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். நடைமுறையில் இப்படி ஒரு கட்டமே கிடையாது. தூது வந்தவள் கட்சி மாறிவிட்டாள்.

என் மகள் மட்டும் கட்சி மாறவில்லை. "நான் பஸ்ல வர மாட்டேன். சித்தப்பாகூடத்தான் வருவேன்" என்று என் கையைக் கடிக்காத குறையாக அழுதாள். ஒருவனுடைய கையிலிருந்து விடுபட அவன் பெற்ற குழந்தையே போராடுகிறது. அதைக் காப்பிக்கடை முழுக்கப் பார்க்கிறது.

சகலை வந்தார்.

"ஏனுங்ணா, கோவிச்சுக்காதீங்க. உங்க சட்டத்துல இடைஞ்சலா உக்காரக் கூடாதுன்னுதானுங்களே இருக்குது? அம்மிணி எனக்கு இடைஞ்சலே இல்லீங்களே."

"கொஞ்சம் முன்னாடி ஸ்டியரிங் பாதியில நின்னுச்சே, அது என்ன?"

"அது ரோடு சரியில்லீங்க."

"ரோட்டுக்கு முழங்கை இருக்குதா?"

அவர் பதில் சொல்வதற்குள் மாமனாரும் மாமியாரும் வந்துவிட்டார்கள். மாமனார் தொண்டையைச் செருமினார். அந்த வாக்கியம் வரப்போகிறது என்று நான் முகத்தைத் தயார் செய்துகொண்டேன். ஆனால் பேசியது அவர் இல்லை. மாமியார். என் மனைவியிடம் இல்லை, அங்கே கதவும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"மாப்பிள்ளைங்க, அவனுக்குத்தான் சாமி ஒண்ணு குடுக்கலீங்களே. உங்க புள்ளயச் சித்த நேரம் மடியில வச்சுக்கிட்டா உங்களுக்கு என்னங்க கொறஞ்சு போயிருது?"

என் மனைவியின் தங்கை காருக்கு அருகிலிருந்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சகலை தரையைப் பார்த்தார். நேராகப் பேச மாட்டாரா என்று நான் ஏங்கிய மாமியார் பேசிவிட்டார். பேசியதில் என்னையும் அவரையும் ஒரே அடியில் அடித்துவிட்டார். எனக்குச் சட்டம் தெரியும், பிரேக் தெரியும், கொண்டை ஊசி வளைவில் எந்தக் கியரில் இறங்க வேண்டும் என்று தெரியும். இது எந்தப் பிரிவின் கீழும் வராது.

சகலைதான் அசைந்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். மாமனாரிடம் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. என் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"அண்ணனே ஓட்டட்டுமுங்க. அத்தை, நீங்க சும்மா இருங்க. அங்க வளைவுல எனக்கு உசுரு போயி வந்துச்சு. சொல்றதுக்கு வெக்கப்பட்டுட்டு இருந்தேன்."

மாமனார் அவசரமாக, "மாப்ள சொல்றபடியே ஆவட்டும்" என்றார். வாக்கியம் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் சாவி வந்துவிட்டதே. எத்தனையோ வருடம் ஆணியில் தொங்குவதை மட்டும் நான் பார்த்த சாவி. மாமனார் கொடுத்து வாங்கியிருக்க வேண்டியது. அதை என் கையில் வைத்த பெருமையும் சகலைக்கே போயிற்று. எனக்கு அந்தப் பெருமையின் மேலும் பொறாமை.

பிரேக் ஆறும் வரை வண்டியை நிற்க வைத்தேன். நாலு டயரையும் சுற்றி வந்து பார்த்தேன். கதவு ஒவ்வொன்றையும் திறந்து சாத்தி, கொக்கி விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். பிரேக்கை நிற்கும் வண்டியில் மிதித்து, பிறகு பத்தடி நகர்த்தி மிதித்துப் பார்த்தேன். குழந்தையைப் பின்சீட்டில் நடுவில் உட்கார வைக்கச் சொன்னேன். மச்சினர் கொடுத்தனுப்பி, காலடியில் உருண்டுகொண்டிருந்த பலாப்பழத்தை டிக்கிக்கு மாற்றச் சொன்னேன். டிரைவர் காலுக்கடியில் பொருள் உருண்டால் பிரேக்குக்கு இடைஞ்சல். "பலாப்பழத்துக்குக் கூடச் சட்டம் இருக்குதாட்ட" என்று மாமனார் பெருமூச்சு விட்டார்.

இரண்டாவது கியரில் இறங்கினேன். எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடித்தது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன். ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழி விட்டேன். ஏறுபவனுக்குத்தான் முதல் உரிமை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களை முந்திப் போனார்கள். காலியாக வந்த லாரி ஒன்று எஞ்சின் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு கடந்தது, அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்னண்ணே, ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். என் மனைவியின் தங்கைக்குத் தலை சுற்றியது. மாமனார் கொட்டாவி விட்டார். எனக்குக் கவலையில்லை. பாதுகாப்பாக ஓட்டப்படும் வண்டியில் பிரயாணிகள் சலித்துப் போவார்கள் என்பது நான் கண்ட உண்மை.

பாதி மலை இறங்கியதும் கண்ணாடியில் பார்த்தேன். அந்தக் கண்ணாடி பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதற்காக இருப்பது. என் மகள் நடுவில் இல்லை. நான் விட்டுவிட்டு வந்த ஜன்னல் ஓரத்தில் இப்போது சகலை. அவர் மடியில் அவள். கன்றிய முழங்கையை அவர் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் சாயாதபடி அவர் தன் உடம்பைச் சாய்த்துச் சரி செய்தார். முன்சீட்டின் முதுகில் ஒரு காலை முட்டுக் கொடுத்து, ஒரு கையை அவளுக்கு முன்னால் அணையாக நீட்டியிருந்தார். அதைவிடப் பத்திரமான இடம் அந்த வண்டியில் இல்லை. விதிப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

நான் சாவியை வாங்கினேன். சகலை குழந்தையை வைத்துக்கொண்டார். வண்டி கீழே போய்ச் சேர்ந்தது.

லோயர் கேம்பில் மாமனார் இறங்கிச் சோம்பல் முறித்தார். "மாட்டு வண்டியில வந்தாப்பல இருந்துச்சுங்க மாப்ள. ஆனா தூக்கம் நல்லா வந்துச்சு" என்றார். அந்த வீட்டில் என் ஓட்டுதலுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அங்கிருந்து ஊர் வரை சமவெளி என்பதால் சாவி மறுபடி சகலையிடம் போயிற்று. எவரும் கேட்கவில்லை, எவரும் மறுக்கவில்லை, இயல்பாகப் போயிற்று. என் மகள் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு முன்பக்கம் போகப் பார்த்தாள். "வேண்டாம் கண்ணு, பின்னாடி உக்காரு" என்று அவரே சொன்னார். அவள் என்னைத்தான் முறைத்தாள்.

இடைஞ்சல் என்பது எது என்று காப்பிக்கடை முன்னால் சகலை எழுப்பிய கேள்வியை நான் விடவில்லை. ஊர் வந்ததும் முறைப்படி ஓர் அபேட்சை, அதாவது மனு, தயாரித்து மேலிடத்துக்கு அனுப்பினேன். ஓட்டுநரின் மடியில் குழந்தையை அமர்த்திக்கொள்வது, ஓட்டுநர் தமக்கு இடைஞ்சல் இல்லை என்று கருதும் நிலையிலும், அந்தப் பிரிவின் கீழ் வருமா என்று தெளிவுபடுத்தக் கோரினேன். நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். மனைவி கேட்டாள்: "அவருதான் அன்னைக்கே விட்டுட்டாரே. இன்னும் யாரோட வழக்காடறீங்க?" அரசாங்க ஊழியனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. வழக்கு முடிந்தாலும் கோப்பு முடிய வேண்டாமா?

ஏனென்றால் மற்றது எதுவும் மாறவில்லை. மடி போய் முன்சீட்டில் பக்கத்து இடம் ஆனதே தவிர, அவர் வந்து இறங்கினால் ஓடுவது நிற்கவில்லை. வளர வளர அவளுக்கும் அவருக்கும் தனிப் பேச்சு, தனிச் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினால் என்னிடம் காட்டுவாள், அவரிடம் கதையாகச் சொல்வாள். வருடங்கள் அப்படிப் போயின.

பிறகு, எல்லோரும் எதிர்பார்த்து ஓய்ந்த பிறகு, சகலைக்கு ஒரு மகன் பிறந்தான்.

அடுத்த ஆடிப்பெருக்குக்கு மாமனார் வீட்டில் கூடினோம். சோறு கட்டிக்கொண்டு மீங்கரை அணைப் பக்கம் போய்ச் சாப்பிடுவது வழக்கம். நான் முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். கார் வாசலில் நின்றது, சாவி சகலையிடம். என் மகள் வழக்கம்போல ஓடிப்போய் முன்கதவைத் திறந்தாள். அவளுக்குப் பத்து வயது, கால் நீண்டுவிட்டது.

"முன்னாடி வேண்டாம் கண்ணு. சட்டுனு பிரேக் போட்டா முட்டிக்குவே. நீ அப்பாகூட உக்காரு. கதவ மெதுவாச் சாத்து, பாப்பா தூங்கறான்" என்றார் சகலை.

பின்னால் அவர் மனைவியின் மடியில் குழந்தை, சுற்றிலும் தலையணை. சகலை நாலு டயரையும் சுற்றி வந்து பார்த்தார். கதவுகளை இழுத்துப் பார்த்தார். கிளம்பி, இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. வாய்க்கால் பாலத்தில் ஹாரன், மாமரத்து வளைவில் ஹாரன், ஆளே இல்லாத முச்சந்தியில் ஹாரன். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களை முந்திப் போனது.

"ஏம்ப்பா, சித்தப்பா ஏன் இப்படி ஓட்டறாரு?" என்று என் மகள் காதில் கேட்டாள்.

"விதிப்படி ஓட்டறாரு."

அவள் சிரிக்கவில்லை. தலையணைகளுக்கு நடுவே இருந்த அந்தச் சின்னத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி வழியாகச் சகலையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவளை இல்லை. அவள் உதடு இறுகியது, மூக்கு நுனி சற்றே விடைத்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அதற்குத்தான் நான் சவரம் செய்தேன்.

ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியது. நான் கையை அவளுக்கு முன்னால் அணையாக நீட்டினேன். அவள் அதைத் தள்ளிவிடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் தன் கன்னத்தை அதன்மேல் வைத்துக்கொண்டாள். கை மரத்துப் போனது; எடுக்கவில்லை. எவ்வளவு காத்திருந்து, எப்படிப்பட்ட வழியாக வந்து சேர்ந்த பாரம்!

மாலையில் பாலக்காட்டு வீட்டுக்குத் திரும்பினோம். கதவிடுக்கில் அரசாங்க உறை ஒன்று கிடந்தது. ஓட்டுநர் என்ன கருதினாலும், அவர் மடியில் குழந்தை அமர்வது இடைஞ்சல்தான், பிரிவு பொருந்தும் என்று மேலிடம் தெரிவித்திருந்தது. மகள் எட்டிப் பார்த்து, "என்னப்பா இது?" என்றாள். "ஒண்ணுமில்ல, பழைய கோப்பு" என்று சொல்லி, வழக்கப்படி ஓரத்தில் பெற்ற தேதியைக் குறித்தேன்: 3 ஆகஸ்டு 1978.